இன்கிரிமென்ட் நின்றால் அடுத்து என்ன வரும்?

கேள்வி: 3 மார்ச் 2025

ஒரகடத்தில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் 7 வருடமாக நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிறேன். இரண்டு வருடமாக இன்கிரிமென்ட் இல்லை. "ஆர்டர் குறைவு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். போன மாதம் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். அடுத்து வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வுத் திட்டம்) வரும் என்று பேச்சு அடிபடுகிறது. சம்பளம் ஏறாவிட்டால் போகட்டும், வேலை இருந்தால் போதும் என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். அப்படி இருந்துவிடலாமா?

3 மார்ச், இரவு

இருந்துவிடலாம் என்றுதான் நாங்களும் நினைத்தோம் தம்பி. சம்பள உயர்வை விட்டுக்கொடுத்தால் வேலை நிலைக்கும் என்று யாரும் உங்களுக்கு எழுதித் தரவில்லையே? எங்களுக்கும் தரவில்லை. 2012 டிசம்பரில் இன்கிரிமென்ட் கிடையாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். 2013-லும் அதே தாள், தேதி மட்டும் வேறு. 2014 மே மாதம் வேலையே போனது.

நான் இருந்தது ஸ்ரீபெரும்புதூர் பக்கம், நோக்கியாவுக்குப் பாகம் செய்து கொடுத்த கம்பெனிகளில் ஒன்று. பெயர் வேண்டாம். 2008-ல் பிளஸ் டூ முடித்த கையோடு, சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பொருத்தும் எஸ்.எம்.டி. லைனில் சேர்ந்தேன். ஆறு வருடம். செய்யாறு பக்கத்து ஊரிலிருந்து ஏ ஷிஃப்டுக்கு விடிகாலை நாலு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுவேன்.

4 மார்ச்

நேற்று அவசரத்தில் எழுதியது. உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன்.

வி.ஆர்.எஸ். தாளில் கையெழுத்துப் போட்டால் சட்டப்படி அது ஆட்குறைப்பு ஆகாது. தொழில் தகராறு சட்டம், 1947, ஆட்குறைப்பு என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே "தொழிலாளி தானாக விரும்பிப் பெறும் ஓய்வு" இதில் சேராது என்று தள்ளிவைத்துவிடுகிறது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்ய வேண்டுமென்றால் முன்கூட்டியே அரசிடம் அனுமதி வாங்க வேண்டும், மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும், கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். அப்புறம் மறுபடி ஆள் எடுத்தால் அனுப்பப்பட்டவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். நீங்கள் போடும் ஒரு கையெழுத்தில் இத்தனையும் போய்விடுகிறது. அதனால்தான் எல்லாக் கம்பெனியும் முதலில் வி.ஆர்.எஸ். தாளோடு வருகிறது.

போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொகை நன்றாக இருந்து, கையில் வேறு வேலையும் இருந்தால் போடலாம். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து போட வேண்டும். எனக்கு அன்று ஒன்றும் தெரியாது.

4 மார்ச், மதியம்

பணிக்கொடை (கிராஜுவிட்டி) எவ்வளவு வரும் என்று கேட்டிருந்தீர்கள். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 14,000 என்கிறீர்கள், 7 வருடம். வருடத்துக்கு 15 நாள் சம்பளம். 7,000 பெருக்கல் 7, ஆக 49,000.

5 மார்ச்

மேலே போட்ட கணக்கு தப்பு. ஓசூரிலிருந்து ஒருவர் பிடித்துக் காட்டினார், நன்றி. மாதத்தை 30 நாளாக எடுக்கக்கூடாது, 26 நாள்தான். 14,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்க வேண்டும். 56,538 ரூபாய் வருகிறது. என் தப்புக் கணக்கை நம்பியிருந்தால் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கோட்டை விட்டிருப்பீர்கள்.

அதே கணக்கை இன்னொரு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருடமும் பேசிக்கில் வருடத்துக்கு 1,200 ஏறியிருந்தால் இன்று உங்கள் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 16,400. பணிக்கொடை 66,230. வித்தியாசம் 9,692. முதல் வருடம் கைக்கு வராமல் போனது 14,400, இரண்டாம் வருடம் 28,800. எல்லாம் சேர்த்து 52,892 ரூபாய். வி.ஆர்.எஸ். தொகையும் பெரும்பாலும் கடைசி மாதச் சம்பளத்தை வைத்துத்தான் போடுவார்கள், அதிலும் அடி. ஆளை அனுப்பும் செலவில் ஒரு பங்கை உங்கள் சம்பளத்திலிருந்தே இரண்டு வருடமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

6 மார்ச்

"கம்பெனிக்கே நஷ்டம் என்றால் என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. நஷ்டம் இருந்தால் கணக்கைக் காட்டட்டும். எங்களிடம் ஒரு நாளும் காட்டியதில்லை.

9 மார்ச், ஞாயிறு

இன்று லீவு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அடையாளங்கள் என்னென்ன என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கம்பெனியில் இன்கிரிமென்டுக்கும் முன்னால் ஓ.டி. நின்றது. ஓ.டி. நின்றதும் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள், பெண் சீக்கிரம் வருகிறாள் என்று. மாதம் இரண்டாயிரம் குறைந்தது பிறகுதான் உறைத்தது. சீட்டு கட்ட முடியவில்லை. அப்புறம் எங்கள் தடத்தில் ஓடிய இரண்டு பஸ்ஸை ஒன்றாக்கினார்கள். வந்தவாசி போய் வரும் பஸ் எங்கள் ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டிலேயே நின்றது. கேன்டீனில் புதன்கிழமை முட்டை போனது. முட்டை போன அன்று கேன்டீனே கலவரமானது. சம்பள உயர்வு நின்றபோது அத்தனை பேர் கத்தவில்லை. முட்டை கண்ணுக்குத் தெரிகிறது, தட்டில் இல்லை என்றால் இல்லை. சம்பளம் ஏறாதது அப்படித் தெரிவதில்லை.

அதற்குப் பிறகு லைன்கள். ஆறு லைனில் ஐந்தாவதை முதலில் நிறுத்தினார்கள். "மெயின்டனன்ஸ்" என்றார்கள். ஒரு வாரம், மெஷினுக்குப் பாகங்களை ஊட்டும் ஃபீடர்களெல்லாம் வண்டியில் அப்படியே மாட்டியிருந்தன, பாதி தீர்ந்த ரீலோடு. ஒரு நைட் ஷிஃப்டில் பார்க்கிறேன், நாலு பேர் வெளியிலிருந்து வந்து பிளேஸ்மென்ட் மெஷினை ஸ்ட்ரெச் ஃபிலிமால் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து கீழாக, புடவை கட்டுவது போலச் சுற்றிச் சுற்றி. அப்புறம் அலுமினியப் பை போட்டு மூடி, காற்றை உறிஞ்சி, மரப்பெட்டிக்குள் ஏற்றினார்கள். பெட்டியில் வேறு நாட்டுத் துறைமுகத்தின் பெயர். மெயின்டனன்ஸுக்கு யாராவது மெஷினைக் கப்பல் ஏற்றுவார்களா? எங்கள் லைன் லீடரிடம் கேட்டேன். அவர் ரீஃப்ளோ ஓவன் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

தம்பி, உங்கள் லைனில் மெஷின் எல்லாம் இருக்கிறதா? அதை முதலில் பாருங்கள்.

9 மார்ச், மாலை

நோக்கியாவில் என்னதான் நடந்தது என்று இளையவர்கள் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

2005-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம், 2006 ஜனவரியில் உற்பத்தி தொடக்கம். நன்றாக ஓடிய காலத்தில் நேரடியாக மட்டும் 8,000 பேர் வரை அங்கே வேலை செய்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள், பெரும்பாலும் இருபதுகளில். ஸ்மார்ட்போன் சந்தை மாறியதும் சாதாரண போன்களுக்கும் நோக்கியாவின் ஆஷா வகைக்கும் மவுசு குறைந்தது. 2013 ஜனவரியில் வருமான வரித்துறை சோதனை. பின்லாந்தில் உள்ள தாய்க் கம்பெனிக்கு மென்பொருளுக்காகக் கொடுத்த பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2,000 கோடிக்கு மேல் கேட்டார்கள். அந்த செப்டம்பரில் போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது, வரி வழக்கு காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் கைமாறாமல் தனியாக நின்றுவிட்டது. அந்த ஏப்ரலில்தான் வி.ஆர்.எஸ். அறிவித்தார்கள். இருந்த சுமார் 6,600 பேரில் ஏறக்குறைய 5,000 பேர் எடுத்துக்கொண்டார்கள். மைக்ரோசாஃப்டுக்காகப் போன் செய்து கொடுக்கும் ஒப்பந்தமும் முடிந்து, 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அந்த டிசம்பரில், நோக்கியாவுக்குப் பாகம் செய்து கொடுத்த ஃபாக்ஸ்கானும் அங்கிருந்த தன் ஆலையில் வேலையை நிறுத்தியது.

வரி வழக்கு 2018-ல் இரண்டு நாட்டு அரசுகளும் பேசித் தீர்ந்தது. காலியாகக் கிடந்த ஆலையை, சார்ஜர் செய்யும் சால்காம்ப் கம்பெனி வாங்குவதாக 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. கட்டடம் பிழைத்துவிட்டது, நல்லதுதான். அந்த ஐந்து வருடத்தில் 22 வயதுப் பெண் 27 ஆகியிருப்பாள். எங்கள் பக்கம் லைன் வேலைக்கு 25-க்கு மேல் பெரும்பாலும் எடுப்பதில்லை. நான் மூன்று கேட்டில் நின்று திரும்பியிருக்கிறேன், மூன்றிலும் முதலில் கேட்டது வயதைத்தான்.

விருப்ப ஓய்வு என்று சொல்கிறோமே, 24 வயதுக்காரிக்கு என்ன ஓய்வு?

10 மார்ச்

நேற்று எழுதியதில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஓ.டி., பஸ், முட்டை என்று அடையாளங்களை வரிசையாகச் சொன்னேன். அவற்றுக்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். டிரெய்னிகளையும் கான்ட்ராக்ட் பிள்ளைகளையும் அனுப்பினார்கள். 2012 ஆகஸ்டில் எங்கள் ஷிஃப்டில் மட்டும் 40 பேர் இருக்கும். "டிரெய்னிங் முடிந்தது" என்று ஒரு சர்ட்டிஃபிகேட் கொடுத்தார்கள். என் பக்கத்து ஸ்டேஷனில் இருந்த பெண் ஆரணிக்காரி, 20 வயது. போகும்போது, நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்காமல் இருக்க மணிக்கட்டில் கட்டும் தன் ரிஸ்ட் ஸ்ட்ராப்பை என்னிடம் கொடுத்து, "அக்கா, இதோட பட்டன் நல்லா இருக்கு, உங்களோடது லூஸ்" என்றாள். வாங்கிக்கொண்டேன். நீ ஏன் போகிறாய், உன்னை ஏன் அனுப்புகிறார்கள் என்று கேட்கவில்லை. நிரந்தரம் ஆனவர்கள் யாருமே கேட்கவில்லை. நம் இடம் கெட்டியாகும் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி கூட இருந்தது.

தமிழ்நாட்டில் 1981-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் 480 நாளைத் தாண்டியிருந்தார்கள் என்று நாங்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம். சங்கம் வைத்திருந்தால் எண்ணியிருப்போம். எங்களிடம் சங்கம் இல்லை, கமிட்டி மட்டும்தான். கமிட்டி உறுப்பினர்களை ஹெச்.ஆர்.தான் தேர்ந்தெடுத்தது.

போன மாதம் நிறுத்தப்பட்ட கான்ட்ராக்ட் ஆட்களின் பெயர், சேர்ந்த தேதி எல்லாம் உங்களிடம் இருக்கிறதா தம்பி? இல்லையென்றால் இப்போதே வாங்கி வையுங்கள். அவர்களுக்காகவும்தான், உங்களுக்காகவும்தான்.

11 மார்ச்

"சாம்சங் போல ஸ்ட்ரைக் அடித்தால் சரியாகிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து சாம்சங் ஆலையில் அது 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கி 37 நாள் நடந்தது. சங்கத்தைப் பதிவு செய்யவே இந்த ஜனவரி வரை ஆனது. அவர்கள் உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் ஆலை நன்றாக ஓடும்போது செய்யும் வேலைநிறுத்தத்துக்கு இருக்கிற பலம், ஏற்கெனவே பாதி லைன் நின்ற ஆலையில் இருக்காது. மெஷின் பெட்டிக்குள் போன பிறகு நாங்கள் உட்கார்ந்தால் யாருக்கு நஷ்டம்? சங்கம் வேண்டும், ஆர்டர் இருக்கும்போதே வேண்டும்.

22 மார்ச்

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார், ஹெச்.ஆர். ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டதாம். "அந்த அறையில் என்ன நடக்கும்?" என்று கேட்கிறார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். டிரெய்னிங் ரூம். ஏ.சி. அதிகம், ஸ்மாக் கோட்டோடு போயும் குளிர்ந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், ஒருவரை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. இரண்டு தாள். முதல் தாளில் தொகை, 1,86,000. இரண்டாவது தாள் ராஜினாமாக் கடிதம். அவர்களே டைப் அடித்து, பெயருக்கும் எம்ப்ளாயி நம்பருக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். "என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்று முதல் வரி. வெள்ளிக்கிழமைக்குள் போட்டால் ஒரு மாதச் சம்பளம் கூடுதல், அதற்குப் பிறகு அதுவும் இல்லை என்றார்கள். அன்று புதன். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். "கேளுங்கம்மா, ஆனா லிஸ்ட் இன்னிக்கு மேல போகுது" என்றார் அந்தத் தெரியாதவர். மரியாதையாகத்தான் பேசினார். பேனாவையும் அவரே நீட்டினார்.

அந்த அறையில் நான் பத்து நிமிடம் கூட இருக்கவில்லை.

இப்போதானால் என்ன செய்வேன்? தாளை வாங்கிக்கொண்டு, "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுவேன். தாளைத் தரமாட்டோம் என்று அவர்கள் சொன்னால், தராத தாளில் கையெழுத்து இல்லை. மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால் உடனே, அன்றைக்கே, எழுத்தில் எதிர்ப்பு அனுப்புவேன். தொழிலாளர் துறையில் சமரச அதிகாரியிடம் மனு கொடுப்பேன். 45 நாளில் முடியாவிட்டால் தனி ஆளாகவே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம், மூன்று வருடத்துக்குள். இது எனக்குத் தெரிய வந்தது 2018-ல். நாலு வருடம் ஓடியிருந்தது.

23 மார்ச்

கேட்டவர்களுக்கு: அந்த 1,86,000-இல் அப்பாவின் கடன் 90,000, என் சொந்தத் தம்பிக்கு பாலிடெக்னிக் ஃபீஸ், மிச்சம் அம்மாவின் ஆஸ்பத்திரிக்கு.

ஆஸ்பத்திரி என்றதும் ஒன்று. வேலை போன அன்றே இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு போய்விடாது. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய பங்குக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. நான் மே மாதம் வெளியே வந்தேன், ஜூலையில் அம்மாவுக்குச் சிறுநீரகக் கல் ஆபரேஷன். இ.எஸ்.ஐ. இருந்திருக்கிறது. தெரியாமல் காஞ்சிபுரத்தில் தனியாரிடம் 38,000 கட்டினேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

"இன்கிரிமென்ட் போட்டால் சம்பளம் 21,000-ஐத் தாண்டி உங்களுக்கு இ.எஸ்.ஐ. போய்விடும், அதனால்தான் போடவில்லை" என்று சில இடங்களில் சொல்கிறார்களாம். நடுவில் தாண்டினாலும் அந்த ஆறு மாதக் கெடு முடியும் வரை இ.எஸ்.ஐ. தொடரும். உங்கள் மேல் உள்ள அக்கறையால் யாரும் சம்பள உயர்வை நிறுத்துவதில்லை.

19 ஏப்ரல்

அரசு தரும் ஊக்கத்தொகையைப் பற்றி வேறோர் இடத்தில் எழுதியிருந்தேன். 2020-ல் வந்த பி.எல்.ஐ. (உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை) திட்டத்தில் முதலீட்டையும் கூடுதல் விற்பனையையும் வைத்துத்தான் பணம், எத்தனை பேரை வைத்திருக்கிறாய் என்று கேட்பதில்லை என்று கோபமாகவே எழுதினேன். அதோடு இதையும் சேர்க்க வேண்டும்: மார்ச் 28-ல் ஒப்புதல் கிடைத்த எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகத் திட்டத்தில், 22,919 கோடி, ஊக்கத்தொகையில் ஒரு பகுதியை வேலைவாய்ப்போடு இணைத்திருக்கிறார்கள். நல்ல மாற்றம். நிரந்தர வேலையா, ஆறு மாத கான்ட்ராக்டா என்று பிரித்துக் கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

தம்பி கையெழுத்துப் போடவில்லையாம். அவர் லைனில் 31 பேரில் 12 பேர் போடவில்லை. 19 பேர் போட்டுவிட்டார்கள். அவர்களைத் திட்ட வேண்டாம், என்னைப் போன்றவர்கள்தான் அவர்களும். வீட்டில் என்னென்ன இருக்கிறதோ.

24 நவம்பர் 2025

மேலே மார்ச் மாதம் நான் எழுதியதில் பலவும் இனி பொருந்தாது. புதிதாகப் படிப்பவர்கள் இதை முதலில் படியுங்கள். நவம்பர் 21 முதல் மத்திய அரசின் புதிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன.

நூறு பேர் என்று நான் சொன்ன இடத்தில் இனி முன்னூறு. முன்னூறுக்குக் குறைவான ஆலை, ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸும் வருடத்துக்கு 15 நாள் சம்பளமும் கொடுத்தால் போதும். எங்கள் கம்பெனியில் கடைசி வருடம் இருந்தது 260 பேர். இந்தச் சட்டம் அன்று இருந்திருந்தால் வி.ஆர்.எஸ். தாளே அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. இது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

மூன்று வருடம் என்று எழுதியதையும் மறந்துவிடுங்கள். தகராறு எழுந்து இரண்டு வருடம் ஆகிவிட்டால் சமரச அதிகாரி அதை எடுக்க முடியாது.

நல்லதும் இருக்கிறது. ஃபிக்ஸட் டெர்மில், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று வேலையில், இருப்பவருக்கு ஒரு வருடம் முடிந்தாலே பணிக்கொடை. அலவன்ஸ் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சுவதைச் சம்பளத்தோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். பேசிக்கைக் குட்டியாக வைத்து அலவன்ஸை ஊதிப் பெருக்கியவர்களிடம் இனி பணிக்கொடை கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆட்குறைப்பு ஆனவருக்கு மறுபயிற்சி நிதியிலிருந்து 15 நாள் சம்பளம் தனியாக வர வேண்டும்.

தம்பியின் ஆலையில் இப்போது 340 பேராம். முன்னூறுக்குக் கீழே எண்ணிக்கை இறங்குகிறதா என்று மாதாமாதம் பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கான்ட்ராக்ட் ஆட்கள் பட்டியலை அவர் வாங்கிவிட்டார், 26 பேர் பெயர், அதில் 480 நாள் தாண்டியவர்கள் 11 பேர். டிசம்பர் முதல் வாரம் அந்தப் பதினோரு பேரும் சேர்ந்து மனு கொடுக்கிறார்கள். அன்று எனக்கு சி ஷிஃப்ட். நான் இப்போது இருக்கும் செய்யாறு ஷூ கம்பெனியில் இரவு பத்து மணிக்குத்தான் உள்ளே போக வேண்டும். பகலில் நானும் கூடப் போகிறேன்.